இடது பக்கத்துப் பெட்டி

சார், தப்பா நினைக்காதீங்க, அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுக்கறீங்களா? காத்துக்காக இல்ல, இதுக்காகத்தான். வழிப்பக்கம் உக்காந்தா வர்றவன் போறவன்லாம் இடிச்சுட்டுப் போவான். கண்டக்டர் மேல வைங்கறார். மேல வச்சா ஒரு பிரேக்குல யார் மண்டையிலயாவது விழும். மண்டையை ஒட்டிக்கலாம், இதை ஒட்ட முடியாது. பின்னாடி டிக்கியில வாழைத்தார் அடுக்கியிருக்கான், ஏறும்போதே பாத்தேன். காலுக்குக் கீழ வச்சா எஞ்சின் அதிர்வு அப்படியே ஏறுது. எல்லாத்தையும் யோசிச்சாச்சு, மடிதான் சரி. கோயம்புத்தூர் வரைக்கும் மடிதான்.

ரொம்ப நன்றி சார். நீங்களும் கோயம்புத்தூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு.

ஸ்பீக்கர் சார். ஆமா, ஒண்ணுதான். இது இடது. வலது திருச்சியில வீட்டுல இருக்கு. ஜோடியில ஒண்ணை மட்டும் தூக்கிட்டு எங்க போறேன்னு எல்லாரும்தான் கேக்கறாங்க. ரிப்பேருக்கு. உக்கடத்துல ஒருத்தர் இதெல்லாம் பாக்கறாராம். இருங்க, துண்டை எடுத்துட்டுக் காட்டறேன். இங்க ரெண்டு வட்டம் இருக்கா? பெரிய வட்டம் கனமான சத்தத்துக்கு, மேல இருக்குற சின்ன வட்டம் மெல்லிசான சத்தத்துக்கு. சின்னது பட்டுத்துணியில செஞ்சது, மொட்டு மாதிரி வெளிய தள்ளிட்டு நிக்கணும். இப்ப எப்படி இருக்கு? குழி. குழிக்குள்ள மஞ்சளா காஞ்சிருக்கே, அது சந்தனம். அதுக்கு மேல குங்குமம். ஆயுத பூஜைக்கு என் பொண்டாட்டி வச்சா. விரலால ஒரே அழுத்து.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

இந்த பஸ் சூலூர் வழியாத்தானே போகும்? இல்ல, சும்மா கேட்டேன். என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, அவ தங்கச்சி சாந்தாமணி வீட்டுல. நான் அங்க இறங்கல. எனக்கு உக்கடத்துலதான் வேலை.

முதல்லேருந்து சொன்னாத்தான் சார் உங்களுக்குப் புரியும். என் பேர் குணசீலன். துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறேன். ஸ்டோர்ஸுக்கு அடுத்த ஷெட்டுல பிரஸ் மெஷின். காலையில போனா சாயந்திரம் வரைக்கும் டமார் டமார்னு காதுல அடிச்சுக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள அது ஓடும். டிவி சத்தம் பிடிக்காது, பக்கத்து வீட்டுல பாத்திரம் விழுந்தா பிடிக்காது, யாராவது ரெண்டு தடவை கூப்பிட்டா பிடிக்காது. ஒரே ஒரு சத்தத்தை, நல்ல சத்தத்தை, சுத்தமா உக்காந்து கேக்கணும்னு ஒரு ஆசை. தப்பா? நான் குடிக்கறதில்ல, சீட்டாடறதில்ல. ஒரு நாதஸ்வரத்தை அது ஊதுன மாதிரியே கேக்கணும், அவ்வளவுதான்.

தையில ஸ்பீக்கர் தேட ஆரம்பிச்சேன், வாங்கி முடிக்க வைகாசி ஆயிடுச்சு. ஏன் இவ்வளவு நாள்னா, பிரச்சினை ஸ்பீக்கர்ல இல்ல சார், ரூம்ல. எங்க வீடு உறையூர்ல ஒரு மாடி போர்ஷன். ஹால் சின்னது. ஒரு சுவர்ல வாசக்கதவு. ஒண்ணுல ஜன்னல். ஒண்ணுல கிச்சனுக்குப் போற வழி, ஃப்ரிட்ஜ். மிச்சம் இருக்கறது ஒரே சுவர், முழுச்சுவர். அதுல என்ன இருந்துச்சுங்கறீங்க? தையல் மெஷின்.

என் பொண்டாட்டி அம்சவேணி ஜாக்கெட் தைப்பா. சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தமான வேலை. எங்க தெருவுல கல்யாணம்னா பட்டு ஜாக்கெட் அவகிட்டதான் வரும். ஜன்னல் வெளிச்சம் சரியா விழற மாதிரி மெஷினைப் போட்டிருந்தா. மெஷினைச் சுத்தித் துணி. கொடியில துணி, ஆணியில துணி, நாற்காலியில துணி, மெஷினுக்கு அடியில மூட்டை மூட்டையா துணி. நான் பல தடவை சொல்லியிருக்கேன், இது வீடா இல்ல துணிக்கடையான்னு. அவ சிரிப்பா. சூலூர்ப் பொண்ணு சார், திட்டினாக் கூட ‘சரிங்க’ன்னுதான் சொல்லும்.

பெட்டி சின்னதாத்தான் வேணும், அது முடிவு. சின்னதுலயும் ஏகப்பட்ட வகை. சிலதுக்கு முன்னாடி ஓட்டை, சிலதுக்குப் பின்னாடி ஓட்டை, சிலது ஓட்டையே இல்லாம மூடியிருக்கும். அந்த ஓட்டை வழியா காத்து போய் வந்தாத்தான் சின்னப் பெட்டியில கனமான சத்தம் வரும். பின்னாடி ஓட்டை இருக்கற பெட்டியைச் சுவரோட ஒட்டி வைக்கக் கூடாது, சத்தம் குமுறும். எனக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு, அதுல மைக்கேல்ராஜ்னு ஒருத்தர், எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ரூமைப் பாத்துட்டு ஸ்பீக்கரை வாங்கு, ஸ்பீக்கரை வாங்கிட்டு ரூமைப் பாக்காதேம்பார்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடியே அட்டையில ரெண்டு பெட்டி செஞ்சேன். அசல் அளவு. அதை வச்சு இடம் பாத்தேன். ஃப்ரிட்ஜ் மேல வச்சேன், ஜன்னல் கட்டையில வச்சேன், பீரோ மேல வச்சேன், சாமி அலமாரிக்குப் பக்கத்துல வச்சேன். தினமும் ஆபீஸ் போறப்ப ஒரு இடத்துல வச்சுட்டுப் போவேன், திரும்பி வந்து பாத்தா சரியில்லன்னு தோணும். ராத்திரி படுத்தாலும் அதே நினைப்பு. ஒரு நாள் வந்து பாக்கறேன், அட்டைப் பெட்டிக்குள்ள நூல்கண்டு அடுக்கியிருக்கா. ‘சும்மாத்தானுங்க கெடக்குது’ங்கறா. எப்படி இருக்கும் எனக்கு?

கண்ணாடி விஷயம் ஒண்ணு இருக்கு, கேளுங்க. பாட்டுக் கேக்கற நாற்காலியில நாம உக்காந்துக்கணும். இன்னொருத்தர் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கண்ணாடியைப் பிடிச்சுட்டு மெதுவா நடக்கணும். எந்த இடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ, அங்க பட்டுத்தான் சத்தம் திரும்புது. ஜாக்கெட் போட்டுப் பாக்க வர்ற பொம்பளைங்களுக்காக அவ ஒரு நீளக் கண்ணாடி வச்சிருந்தா. அதைத் தூக்கச் சொன்னேன். பாவம், கனம். ‘இன்னும் கொஞ்சம் நகரு, நிறுத்து, பின்னாடி வா’ன்னு நான் சொல்லிட்டே இருக்கேன். ‘தெரியுதுங்களா’ன்னா. ‘தெரியுது, பெட்டி நல்லாத் தெரியுது’ன்னேன். ‘நானு?’ன்னு கேட்டா. நீ கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கற, நீ எப்படித் தெரிவேன்னேன். விவரம் பத்தாது சார் அவளுக்கு.

கரூர் வந்துருச்சு போல. டீ குடிக்க நிறுத்துவானா? நீங்க போய்ட்டு வாங்க, நான் இறங்கல. இதை யார்கிட்ட விட்டுட்டு இறங்கறது?

வந்துட்டீங்களா. எனக்கும் வாங்கிட்டீங்களா, அடடா. கொஞ்சம் பிடிங்க, இல்ல, பெட்டியை இல்ல, டீயைப் பிடிங்க. நான் துண்டை மூடிக்கறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு.

எங்க விட்டேன்? கடை. சென்னைக்குப் போயிருந்தப்ப ஒரு கடையில கேட்டேன். கடைக்காரன் கிட்ட, ‘பின்னாடி ஓட்டை இல்லாததாக் காட்டுப்பா’ன்னுதான் சொன்னேன். அவன் எல்லாத்தையும் போட்டுக் காட்டினான். கடைசியில சும்மா கேளுங்கன்னு இதைப் போட்டான். சார், ஊதறவர் மூச்சு இழுக்கறது கேக்குது. ஊதறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுப்பாங்கள்ல, அது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஓட்டை பின்னாடிதான். தெரிஞ்சேதான் வாங்கினேன். மைக்கேல்ராஜ் போன்லயே திட்டினார்.

அப்புறம் என்ன, அந்த முழுச்சுவர்தான். மெஷினைக் கொஞ்சம் நகத்தினோம். கொஞ்சம்தான். ஹால்லேருந்து கிச்சன் பக்கத்து நடைக்கு. அங்க ஜன்னல் இல்ல, வாஸ்தவம். அதுக்காக நானே டியூப்லைட் போட்டுக் கொடுத்தேன். ‘பகல்லயேங்களா லைட்டு’ன்னா. கரண்ட் பில்லு நான் கட்டறேன், உனக்கென்னன்னேன். துணியை எல்லாம் அங்க கொண்டு போக முடியல, நடையில ஆள் போகணும்ல? பாதி ஹால்லயே கிடந்துச்சு, பாதி அங்க போச்சு. வெட்டின துணி, வெட்டாத துணி, வேஸ்ட் துணிப் பை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிடுச்சு. அவ பிரிச்சு அடுக்கிக்குவான்னு விட்டுட்டேன்.

பெட்டி ரெண்டையும் வச்சு, எதிர்ல என் நாற்காலி. மூணும் முக்கோணம். அந்த நாற்காலியில தலை இருக்கற இடத்துலதான் சத்தம் சரியா வந்து கூடும். ஒரு சாண் தள்ளினாலும் போச்சு. அவ ஒரு நாள் ஸ்டூலை எடுத்துட்டு வந்து பக்கத்துல போட்டா. போடாதே, முக்கோணம் கெட்டுடும்னேன். கிச்சன் வாசல்ல சாஞ்சுக்கிட்டு நின்னு கேட்டா. நிலைப்படியில நின்னா ஒண்ணும் கேக்காது சார், வலது பெட்டி சத்தம் மட்டும்தான் வரும். கேட்டவரைக்கும் லாபம்னு நான் விட்டுட்டேன்.

ஆனா நினைச்ச மாதிரியே குமுறல். பின்னால சுவர் நாலு விரக்கடைதான் இருக்கு. தவில் அடிச்சா அண்டாவுக்குள்ள உக்காந்து அடிக்கற மாதிரி இருந்துச்சு. தூக்கமே போச்சு எனக்கு. முன்னாடி இழுத்தா கதவு இடிக்குது, தள்ளி வச்சா ஃப்ரிட்ஜ் இடிக்குது. கடைசியில மைக்கேல்ராஜ்தான் வழி சொன்னார். ‘ஓட்டையை அடைச்சுடுங்க. நல்ல நைஸான துணியா எடுத்து உருட்டி உள்ள விடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, ரெண்டு பெட்டிக்கும் ஒரே துணி, ஒரே அளவா இருக்கணும். இல்லேன்னா இடது வேற, வலது வேறயா கேக்கும்’னார்.

துணிக்கா எங்க வீட்டுல பஞ்சம்? அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. ஆவணி மாசம். நடைக்குப் போனேன். லைட் போடக்கூட எனக்குப் பொறுமை இல்ல. வேஸ்ட் பைக்குள்ள கையை விட்டுத் துழாவினேன், எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. பைக்கு மேல ஒரு உருட்டு இருந்துச்சு. பட்டு. எடுத்துப் பிரிச்சா ரெண்டு துண்டு. சார், ரெண்டும் ஒரே அளவு! அளவெடுத்து வெட்டி வச்ச மாதிரி! கடவுளாப் பாத்துக் கொடுத்தார்னு நினைச்சேன். கலர் கூட பாக்கல, இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு, உருட்டி உள்ள திணிச்சேன்.

போட்டேன். என்ன சொல்லறது? குமுறல் போச்சு. தவில் தவிலா இருந்துச்சு. நாதஸ்வரம் நடு ஹால்ல வந்து நின்னுச்சு. அந்த மூச்சு, சொன்னேன்ல, அந்த இழுப்பு, அது கேட்டுச்சு. அழுதுட்டேன் சார், நான் எங்கப்பா செத்தப்ப கூட அப்படி அழல. இத்தனை வருஷம் பிரஸ் மெஷின் அடிச்ச காதை யாரோ கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு சாயந்திரம் பாருங்க, அவளுக்கு ஒரு தலைவலி. மூணாவது வீட்டு வாசுகி டீச்சர் பொண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையோட ஜாக்கெட் துணி. அரக்குக் கலர், பச்சைக் கரை. வெட்டி வச்சிருந்தா, மறுநாள் தைக்கணும். முதுகு இருக்கு, முன்பக்கம் இருக்கு, கை ரெண்டையும் காணோம். புடவையிலேருந்து வெட்டின துணி சார், கடையில போய் அதே மாதிரி வாங்க முடியாது. வீடு முழுக்கத் தேடினா. கட்டிலுக்கு அடியில, அரிசி டிரம்முக்குப் பின்னால, எல்லா இடத்துலயும். வேஸ்ட் பையைக் கொண்டு வந்து ஹால்ல கொட்டி, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல உக்காந்து ஒவ்வொரு துண்டாப் பிரிச்சுப் பாத்தா. நான் பாட்டை நிறுத்தல, சத்தத்தை மட்டும் குறைச்சுக்கிட்டேன். ‘நீங்க ஏதாச்சும் எடுத்தீங்களாங்க’ன்னு கேட்டா. உன் கஸ்டமர் துணியை நான் எதுக்கு எடுக்கப் போறேன்னேன். நான் எடுத்தது வேஸ்ட் துணி.

என்ன சார்? இல்ல, முகம் ஒரு மாதிரி ஆச்சே, அதான். வயித்தைப் பிரட்டுதா? ஜன்னலைத் தொறந்து விடட்டுமா?

டீச்சர் வந்து கத்திட்டுப் போனாங்க. நல்ல மனுஷிதான், அன்னைக்கு வாய் கூடிடுச்சு. ‘யார் ஜாக்கெட்டுக்கு வச்சுத் தச்சே அதை’ன்னு கேட்டுட்டாங்க. அதாவது திருடிட்டாளாம். மாடிப்படியில நின்னு கேட்டாங்க, தெருவே கேட்டுச்சு. அந்தப் பொண்ணு கடையில ரெடிமேட் ஜாக்கெட் வாங்கிப் போட்டுட்டு மணவறையில உக்காந்துச்சு. இவ கல்யாணத்துக்குப் போகல. அதோட வேலை வர்றதும் குறைஞ்சு போச்சு. பேச்சு பரவிடும்ல? தீபாவளிக்கு முன்னாடி எங்க வீட்டுப் படியில பொம்பளைங்க செருப்பு கொள்ளாது. இந்த வருஷம் புரட்டாசியிலயே மெஷின் சத்தம் நின்னு போச்சு. ஒரு வகையில பாட்டுக் கேக்க நிம்மதியா இருந்துச்சு, ஆனா அவளைப் பாத்தாக் கஷ்டமாவும் இருந்துச்சு. சொல்லிப் பாத்தேன், துணியை இப்படிப் பரப்பிப் போட்டா இதுதான் நடக்கும், ஒரு ஒழுங்கு வேணும்னு.

வெள்ளக்கோயில் தாண்டியாச்சா? இவன் ஏன் சார் இப்படிப் பாட்டைப் போட்டு அலற விடறான்? கண்டக்டர்! கொஞ்சம் குறைங்க! ... கேக்கவே மாட்டேங்கறான்.

அப்புறம்தான் ஆயுத பூஜை. வேலையே இல்லாத மெஷினைத் தொடைச்சு, எண்ணெய் விட்டு, மாலை போட்டு, கத்தரிக்கோல், இஞ்ச் டேப் எல்லாத்துக்கும் பொட்டு வச்சா. நான் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தேன். பொரி கடலைப் பொட்டலத்தோட வீட்டுக்கு வர்றேன், இதுக்கும் வச்சிருக்கா. வலதுக்கு மரத்துல வச்சிருக்கா. இடதுக்கு நேரா இந்த மொட்டு மேல. ‘நெத்தி மாதிரி இருந்துச்சுங்க, அதான்’ங்கறா. ‘அதுவும் நம்ம வீட்டுலதான இருக்குது’ங்கறா.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்ல. ஒண்ணு ஞாபகம் இருக்கு. ‘ஊரான் துணியையே தொலைச்சவ, உனக்கு ஒரு பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியுமா’ன்னேன். இந்தப் பெட்டியைக் கையில தூக்கி வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். தப்புதான், சொல்லியிருக்க வேணாம். ஆனா பொய் இல்லையே? நடந்ததைத்தானே சொன்னேன்?

அவ ‘சரிங்க’ன்னு சொல்லல. எத்தனையோ வருஷத்துல முதல் தடவை. ரெண்டு நாள் கழிச்சு ஒரு மினி லாரி வந்து நின்னுச்சு. மெஷின், துணி மூட்டை, கண்ணாடி, எல்லாம் ஏறுச்சு. என்னடி இதுன்னேன். ‘சாந்தாமணி வீட்டுல மெஷின் போட எடம் இருக்குதுங்க’ன்னா. அவ்வளவுதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. லாரிக்காரன் பக்கத்துல ஏறி உக்காந்தா. தீபாவளிக்கும் வரல.

இப்ப ஹால் காலி சார். மைக்கேல்ராஜ் சொன்ன மாதிரியே பெட்டியை எங்க வேணும்னாலும் வைக்கலாம். நடுவுல வைக்கலாம், முன்னாடி இழுக்கலாம், ஒரு தடங்கலும் இல்ல. வச்சேன். என்ன ஆச்சு தெரியுமா? எதிரொலி. கையைத் தட்டினா ஹால் திருப்பித் தட்டுது. தும்மினா திருப்பித் தும்முது. பாட்டு போட்டா ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால இன்னொரு சத்தம் வந்து நிக்குது. இடது குழி விழுந்ததால ஏற்கனவே மந்தம், இது வேற. ஒரு வாரம் மண்டையைக் குடைஞ்சேன். அப்புறம் புரிஞ்சுது. துணி சார்! அந்த மூட்டை, கொடி, தொங்கவிட்ட ஜாக்கெட்டு, அதுங்கதான் இத்தனை நாள் சத்தத்தைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அவ துணி இருந்ததாலதான் ரூம் நல்லா இருந்திருக்கு.

உடனே அவளுக்குப் போன் பண்ணினேன். சந்தோஷமாத்தான் பண்ணினேன். ‘அம்சா, வேஸ்ட் துணி இருந்தா ரெண்டு மூட்டை கொடுத்து விடு, ஹாலுக்கு வேணும்’னேன். ‘துணிங்களா’ன்னா. வச்சுட்டா. எடுக்கவே மாட்டேங்கறா அப்புறம். இதுல கோபப்பட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. அவ துணி இல்லாம நல்லா இல்லன்னுதானே சொன்னேன்?

வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார். போனா உக்கார முடியல. நாற்காலியில உக்காந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா பெட்டியை நகத்தத் தோணுது. சாப்பாட்டை அந்த நடையில நின்னுக்கிட்டே சாப்பிடறேன், டியூப்லைட்டைப் போட்டுக்கிட்டு. இதைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணுச்சு. அதான் உக்கடம்.

என்ன கேட்டீங்க? என்ன கலரா? எது என்ன கலர்?

ஓ, ஓட்டையில விட்ட துணியா. கலர் தெரியலையே சார், அன்னைக்கு நடை இருட்டு. சும்மா ஒரு பட்டுத்துண்டு. ஏன்? இதுல இன்னும் அப்படியேதான் இருக்கு, நான் எடுக்கல. ரிப்பேர்காரர் அடைப்போடதான் போட்டுக் கேக்கணும், இல்லேன்னா குமுறல்னு சொல்லிடுவார். பாக்கணுமா? பாருங்க. திருப்பறேன். கொஞ்சம் துண்டைப் பிடிங்க. இந்த ஓட்டை. விரலை விடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுங்க.

வருதா? மெதுவா.

எவ்வளவு நைஸ் பாத்தீங்களா? பிரிங்க, பிரிச்சுப் பாருங்க. கசங்கித்தான் இருக்கும், வேஸ்ட்...

இருங்க.

ஜன்னல் பக்கம் கொடுங்க அதை. வெளிச்சத்துல கொடுங்க சார்.

இது அரக்கு.

கரை பச்சை.

இல்ல, இருங்க, அரக்குப் பட்டு யார் வீட்டுலதான் இல்ல? எல்லாக் கல்யாணத்துக்கும் அரக்குதான். இது... இந்த மேல் வளைவு. தோள்ல கொண்டு போய் சேக்கற இடம் இப்படித்தான் வளைச்சு வெட்டுவா. சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கு பாருங்க. மடிச்சு அடிக்கறதுக்கு வெள்ளை நூல்ல ஓட்டி வச்சிருக்கா. அவ ஓட்டறது எனக்குத் தெரியும் சார், நெல்லு நெல்லா இருக்கும். இது வேஸ்ட் இல்ல. வேஸ்ட்டை யாரு உருட்டிக் கட்டி வைப்பா? ரெண்டும் ஒரே அளவுன்னேன். ஒரே அளவாத்தானே இருக்கும்!

நடுவுல உக்காந்து தேடினாளே சார். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நான் எதிர்ல நாற்காலியில. சத்தத்தைக் குறைச்சேன்.

நீங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டீங்க. டீச்சர் கதை சொன்னப்பவே முகம் மாறுச்சு. எனக்கு ஏன் சார் தெரியல? இத்தனை மாசம் தினம் அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

பல்லடம் தாண்டிட்டானா? தாண்டிட்டானா! அப்ப அடுத்தது சூலூர். கண்டக்டர்! சூலூர்ல ஒரு ஆள் இறக்கம்! ஆமாய்யா, டிக்கெட் கோயம்புத்தூருக்குத்தான் எடுத்தேன், இப்ப சூலூர்ல இறங்கறேன், உனக்கு நஷ்டமா?

நகருங்க சார், நான் எழுந்திருக்கறேன். இல்ல, இன்னும் நேரம் இருக்கு. உக்கார முடியல எனக்கு. இந்தத் துணியை எங்க வைக்கறது? பாக்கெட்டுல வச்சா கசங்கும். இத்தனை மாசம் ஓட்டைக்குள்ள கிடந்தது, இப்ப கசங்கக் கூடாதுங்கறேன் பாருங்க. பெட்டிக்கு ரிப்பேர் வேணாம். குழி அப்படியே இருக்கட்டும். அது அவ வச்ச பொட்டு. அதைத் தொடைக்கக்கூட இல்ல நான், ரிப்பேர்காரர்கிட்ட சாட்சி காட்டணும்னு விட்டு வச்சேன்.

டீச்சர் வீட்டுக்கும் போகணும். அதே மாடிப்படியில நின்னு தெரு கேக்கற மாதிரி நான் சொல்லணும். சொல்லிடுவேன். அது சொல்லிடுவேன் சார், வெக்கமா இருந்தாலும் சொல்லிடுவேன். இவகிட்டதான்.

‘அம்சா, கிடைச்சிருச்சு’ன்னு சொல்லலாம், அது சுலபம். சந்தோஷப்படுவா, கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாப்பா. ‘இன்னொண்ணு?’ம்பா. வீட்டுல இருக்குன்னு சொல்லலாம். அப்புறம் கேப்பா சார். எங்க இருந்துச்சுங்கன்னு கேப்பா. கட்டிலுக்கு அடியிலன்னு சொல்ல முடியாது, அவ பாத்துட்டா. அரிசி டிரம்முக்குப் பின்னாலன்னு சொல்ல முடியாது, அதையும் பாத்துட்டா. மெஷின் டிராயர்லன்னு சொல்லலாம்னா மெஷின் அவகிட்ட இருக்கு.

வேற என்ன சார் இருக்கு அந்த ஹால்ல? எல்லாத்தையும்தான் நகத்திட்டேனே. பெட்டியும் நாற்காலியும்தானே மிச்சம்.